நெய்வேலியும் அதன் பழைய ஊர்களும்

நெய்வேலி என்றதும் இன்றைக்கு நினைவுக்கு வருவது பழுப்பு நிலக்கரியும் மின்சாரமும்தான். ஆனால் அந்தப் பெயர் முதலில் ஒரு சிறு கிராமத்துக்கு உரியது. தென்னார்க்காடு மாவட்டத்தின் செம்மண் மேட்டில், வடக்கே பண்ருட்டிக்கும் மேற்கே விருத்தாசலத்துக்கும் தென்கிழக்கே வடலூருக்கும் இடைப்பட்ட பகுதியில் இருந்த விவசாய ஊர் அது. 1950களில் தொடங்கிய சுரங்கம் அந்த ஊரையும் சுற்றியிருந்த பல ஊர்களையும் எடுத்துக்கொண்டது. ஊர் போன பிறகு அதன் பெயரைச் சுரங்கமும் அனல் மின்நிலையமும் நகரியமும் ஏற்றன. 1993இல் தென்னார்க்காடு இரண்டாகப் பிரிந்தபோது நெய்வேலி கடலூர் மாவட்டத்தில் சேர்ந்தது. நிறுவனத்தின் வரலாறு ஆண்டறிக்கைகளிலும் விழா மலர்களிலும் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. அதற்கு முன்பிருந்த ஊர்களின் வரலாறு பெரும்பாலும் அங்கிருந்து எழுந்து போனவர்களின் பேச்சில்தான் இருக்கிறது.

கடலூர், விருத்தாசலம் வட்டாரத்தை இங்குள்ளவர்கள் நடுநாடு என்பார்கள். சோழநாட்டுக்கும் தொண்டைநாட்டுக்கும் நடுவில் இருப்பதால் வந்த பழம்பெயர். காவிரிப் பாசனம் வீராணம் ஏரியோடும் அதன் வாய்க்கால்களோடும் தெற்கே நின்றுவிடும். அதற்கு வடக்கே நிலம் மேடேறிச் செம்மண்ணாகிறது. சேத்தியாத்தோப்புப் பக்கம் நஞ்சை, நெய்வேலிப் பக்கம் புஞ்சை. மேட்டில் கம்பு, வரகு, கேழ்வரகு போட்டார்கள். வேர்க்கடலை வந்த பிறகு அதுவே முக்கியப் பணப்பயிர் ஆனது. அதை இங்கே மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள். முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் எங்கும் இருந்தன. பண்ருட்டிப் பலா என்று சந்தைகளில் பேர்பெற்ற பழம் இந்தச் செம்மண் மேட்டில் காய்ப்பதுதான். முந்திரி எடுக்கும் கோடை மாதங்களில் வீட்டிலுள்ள சிறுவர்முதல் கிழவர்வரை தோப்பில்தான் இருப்பார்கள். கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களில் முந்திரிப்பால் பட்டுத் தோல் கருத்துப்போகும். இந்தப் பக்கத்து மூதாட்டிகளின் கைகளில் அந்தக் கறையை இன்றும் பார்க்கலாம்.

ஊர்ப் பெயர்களிலேயே நிலத்தின் தன்மை தெரியும். ஆதண்டார்கொல்லை, மந்தாரக்குப்பம், பெரியாக்குறிச்சி, வில்லுடையான்பட்டு, விளாங்குளம், மேலூர். கொல்லை என்பது வானம் பார்த்த புன்செய். குளம் என்று பெயர் வைத்த இடத்தில் குளம் இருந்தது. தெற்கே போனால் பெயர்கள் இன்னும் பழைய காலத்தைக் காட்டும். கங்கைகொண்டான் என்ற பெயரில் முதலாம் இராசேந்திரனின் பட்டம் இருக்கிறது. மும்முடிச்சோழகனில் அவன் தந்தை இராசராசனின் பட்டம். வீராணம் ஏரி முதலாம் பராந்தகன் காலத்தது. வீரநாராயணன் என்ற அவன் பட்டமே ஏரியின் பெயரானது. ஆகவே சுரங்க எல்லையைச் சுற்றி இருப்பவை நேற்று முளைத்த ஊர்கள் அல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய குடியேற்றங்களின் தொடர்ச்சி அவற்றில் சிலவற்றுக்காவது உண்டு.

இந்த ஊர்களில் ஐயனாரும் மாரியம்மனும் திரௌபதியம்மனும் இருந்தார்கள். கோடையில் தீமிதியும் தெருக்கூத்தும் நடந்தன. தைப்பூசத்துக்கு வடலூருக்கு நடந்தே போனார்கள். வள்ளலார் 1867இல் அங்கே பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமசாலையை நிறுவினார். 1872இல் ஞானசபையை எழுப்பினார். தருமசாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பஞ்ச காலங்களில் சுற்றுவட்டார ஏழைகளுக்கு அந்தச் சோறு எவ்வளவு பெரிய ஆதரவாக இருந்திருக்கும் என்பதை மேட்டுநிலப் புஞ்சையை மட்டும் நம்பி வாழ்ந்தவர்களின் நிலையிலிருந்து பார்த்தால்தான் புரியும்.

மேட்டில் கிணறு வெட்டுவது செலவு பிடித்த வேலை. ஆனால் ஆழத்தில் இருந்த தண்ணீர் வேறு விதமானது. களிமண் அடுக்குகளுக்கு அடியில் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடந்தது அது. துளையிட்டுக் குழாய் இறக்கினால் எஞ்சின் இல்லாமலேயே மேலே பொங்கி வழியும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்னார்க்காட்டில் இப்படிப்பட்ட பொங்கு கிணறுகளைப் பலர் போட்டார்கள். இரவும் பகலும் குழாய்வாயில் தானாகத் தண்ணீர் கொட்டும். வாய்க்கால் வெட்டிவிட்டால் போதும், பயிர் விளைந்துவிடும்.

நெய்வேலியின் கதை திசை மாறியதும் அப்படி ஒரு கிணற்றில்தான். இப்பகுதியின் பெரிய நிலக்கிழாரான ஜம்புலிங்க முதலியார் 1935 வாக்கில் தம் நிலத்தில் ஆழ்துளை போட்டபோது தண்ணீரோடு கருப்பாக ஒரு பொருள் வந்தது. அது எரிந்தது. அவர் விஷயத்தை அரசுக்குத் தெரிவித்தார். பழுப்பு நிலக்கரி இந்தப் பகுதிக்கு முழுப் புதிதல்ல. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் 1880களிலேயே அது இருப்பது தெரிந்திருந்தது. ஆனால் அதை எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தை விதைத்தது நெய்வேலிக் கிணறுதான். ஜம்புலிங்க முதலியார் பின்னர் தம் நிலத்தையும் திட்டத்துக்கு வழங்கினார் என்று இப்பகுதியில் நன்றியோடு சொல்வார்கள்.

அடுத்த இருபது ஆண்டுகள் துளையிடுவதிலும் கணக்கிடுவதிலும் போயின. 1941இல் சென்னையின் பின்னி கம்பெனி அஜீஸ் நகர்ப் பக்கம் சில துளைகளைப் போட்டுப் பார்த்தது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1943 முதல் 1946 வரை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தொடர்ந்து துளையிட்டது. சென்னை மாகாணத்தில் நிலக்கரி கிடையாது. வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலிலும் கப்பலிலும் வரவேண்டும். போர்க்காலத்தில் அந்த வரத்து தடுமாறியபோது சொந்த எரிபொருளின் தேவை எல்லோருக்கும் உறைத்தது. விடுதலைக்குப் பின் சுரங்கப் பொறியாளர் எச். கே. கோஷ் விரிவான ஆய்வு நடத்தினார். சுமார் 100 சதுர மைலில் 200 கோடி டன் பழுப்பு நிலக்கரி இருப்பதாக அவர் கணக்குச் சொன்னார்.

நிலக்கரி இருப்பது தெரிந்தது. எடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி. விவசாயிக்கு வரமாக இருந்த அதே அழுத்த நீர் சுரங்கத்துக்கு ஆபத்தாக இருந்தது. நிலக்கரிப் படுகைக்கு நேர் கீழே அந்த நீர்த்தேக்கம். மேலேயுள்ள மண்ணை அகற்ற அகற்ற, அழுத்திப் பிடித்திருந்த பாரம் குறையும். கீழிருந்து நீர் படுகையையே பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். 1953இல் ஒரு சோதனைச் சுரங்கம் வெட்டி இதைப் பரீட்சித்தார்கள். சுரங்கத்தைச் சுற்றி வரிசையாக ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, இடைவிடாமல் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால் வெட்டலாம் என்று முடிவானது. பிரிட்டனின் பவல் டஃப்ரின் நிறுவனம் ஆலோசனை அறிக்கை தந்தது. தென் வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கங்களில் வளர்ந்த நிறுவனம் அது.

1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். அப்போது சென்னை மாநில முதலமைச்சர் காமராஜர். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலம். அணைகளும் உருக்காலைகளும் எழுந்துகொண்டிருந்த வேளை. தெற்கே பெருந்தொழில் வராதா என்ற ஏக்கத்துக்குக் கிடைத்த விடையாகவே நெய்வேலியைத் தமிழ்நாடு பார்த்தது. அந்தப் பெருமிதம் உண்மையானது. அதைக் குறைத்துச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பெருமிதத்துக்கு விலையாக வீட்டையும் நிலத்தையும் கொடுத்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் ஏறவில்லை என்பதையும் அதோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

நிலம் 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி எடுக்கப்பட்டது. முதலில் நான்காம் பிரிவின்கீழ் அரசிதழ் அறிவிப்பு வரும். ஊர்க்காரர்கள் அதை இன்றும் ‘நாலு ஒன் நோட்டீஸ்’ என்றே சொல்கிறார்கள். பிறகு ஆட்சேபம், விசாரணை, அளவை, தீர்வுத்தொகை. கர்ணமும் நில அளவையரும் சங்கிலியோடு வந்து புல எண்களைச் சரிபார்ப்பார்கள். பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவருக்குப் பணம். குத்தகைக்கு உழுதவருக்கும், கூலிக்கு முந்திரி பொறுக்கியவருக்கும், மேய்ச்சலை நம்பி ஆடு வளர்த்தவருக்கும் அந்தக் கணக்கில் இடம் கிடையாது. ஊருக்குப் பொதுவான புறம்போக்கும் களமும் சுடுகாடும் அரசின் பேரில் இருந்ததால் அவற்றுக்கு இழப்பீடு என்ற பேச்சே எழவில்லை. சேரிகளில் இருந்தவர்கள் பலருக்கு வீட்டு மனைக்கே பட்டா கிடையாது. கிடைத்த தொகையும் அன்றைய புஞ்சை விலைக்குத்தான். மொத்தமாகக் காசைக் கண்டிராத குடும்பங்களில் அது கல்யாணத்துக்கும் கடனுக்கும் போய்ச் சில ஆண்டுகளில் கரைந்தது என்பது அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி.

கிளம்பியவர்களில் ஒரு பகுதியினர் விருத்தாசலம் பக்கம் விஜயமாநகரத்தைச் சுற்றியுள்ள நிலங்களில் குடியேறினார்கள். அங்கே அவர்கள் புதிய பெயர் தேடவில்லை. விட்டு வந்த ஊரின் பெயரையே வைத்துக்கொண்டார்கள்: புதுவிளாங்குளம், புதுஆதண்டார்கொல்லை. இந்தப் பக்கம் குலதெய்வத்தை இடம் மாற்றுவதற்கு ஒரு முறை உண்டு. பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப் போய்ப் புதிய இடத்தில் வைத்துச் சாமியை எழுந்தருளச் செய்வார்கள். ஊரை விட்டுக் கிளம்பும்போது கொண்டுபோக முடிந்தது பெயரும் பிடிமண்ணும்தான். புது இடத்தில் காட்டைத் திருத்த வேண்டியிருந்தது. கிணறு, பாதை, பள்ளி எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. கொடுத்த நிலத்துக்குப் பட்டா கேட்டு மனுப் போடுவது மட்டும் தலைமுறை தாண்டியும் தொடர்ந்தது. சுரங்கத்தால் நாட்டுக்கு மின்சாரம் வந்து ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆன பிறகும், அதற்கு இடம் விட்டவர்கள் தாங்கள் குடியிருக்கும் மனைக்குக் காகிதம் கேட்டு அலைந்தார்கள் என்பது இந்த வரலாற்றின் மிக வருத்தமான பக்கம்.

அழிந்த ஊரின் பெயரைப் புது இடத்துக்குக் கொண்டுபோவது நெய்வேலியில் மட்டும் நடந்ததல்ல. ஜெர்மனியின் ரைன் பகுதியிலும் பழுப்பு நிலக்கரிக்காகப் பல ஊர்கள் அகற்றப்பட்டன. இம்மேராத் என்ற ஊர்க்காரர்கள் சில கிலோமீட்டர் தள்ளி ‘புது இம்மேராத்’ அமைத்துக்கொண்டார்கள். பழைய ஊரின் பெரிய தேவாலயம் 2018இல் இடிக்கப்பட்டது. ஆனால் ஒரு வேறுபாடு முக்கியமானது. ஐரோப்பிய ஊர்களுக்குத் தேவாலயப் பதிவேடு இருக்கிறது. பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் பேர் பேராக எழுதியிருக்கும். இங்கிலாந்தின் சிற்றூர்களில் உள்ளூர் வரலாற்றுக் கழகங்கள் முதியவர்களின் நினைவுகளைக் கேட்டு எழுதிப் புத்தகமாக்கி வைக்கின்றன. பழைய நெய்வேலி வட்டார ஊர்களுக்கு இருப்பது வருவாய்த் துறைக் கணக்குகள். ‘அ’ பதிவேட்டில் புல எண் இருக்கும். நஞ்சையா புஞ்சையா, தீர்வை எவ்வளவு என்று இருக்கும். புலப்படத்தில் வரப்பும் பாதையும் கிணறும் கோடாக இருக்கும். அந்தக் கிணற்றடியில் யார் யார் தண்ணீர் எடுத்தார்கள், யாரை எடுக்கவிடவில்லை என்பது அதில் இருக்காது. அதை அறிந்தவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல்.

சுரங்கம் வெட்டிய விதம் இந்தியாவுக்கே புதியது. ஜெர்மனியிலிருந்து சக்கரவாளி இயந்திரங்கள் வந்தன. பெரிய இரும்புச் சக்கரத்தின் விளிம்பு முழுக்க வாளிகள். சக்கரம் சுழலச் சுழல வாளிகள் மண்ணைக் கடித்து எடுத்துக் கன்வேயரில் கொட்டும். ஒரு வாளி எத்தனை லிட்டர் கொள்ளும் என்பதை வைத்துத்தான் இயந்திரத்தையே அழைப்பார்கள்: முந்நூற்றைம்பது லிட்டர், எழுநூறு லிட்டர், ஆயிரத்து நானூறு லிட்டர். ரைன் பகுதியின் மென்மண்ணுக்காகச் செய்த வாளிப் பற்கள் கடலூர் மணற்பாறையில் சீக்கிரமே தேய்ந்தன. பற்களை மாற்றி வடிவமைத்தார்கள். பாறைக்கு வெடி வைத்து இளக்கிய பிறகு சக்கரத்தை விட்டார்கள். நெய்வேலியின் பொறியாளர்களும் தொழிலாளர்களும் சொந்தமாகக் கற்ற பாடம் இது.

சுரங்க விளிம்பில் நின்று பார்த்தால் அடுக்குகள் தெளிவாகத் தெரியும். மேலே முந்திரி விளைந்த செம்மண். அடியில் மஞ்சளும் ஊதாவும் கலந்த களிமண், மணற்பாறை, இடையிடையே வெள்ளைக் களிமண். ஐம்பது, அறுபது மீட்டரும் சில இடங்களில் அதற்கு மேலும் இப்படியே போகும். அதற்கும் கீழே கரும்பழுப்பாக நிலக்கரி. புதிதாக வெட்டிய கட்டியைக் கையில் எடுத்தால் ஈரமாக இருக்கும். எடையில் பாதிக்குத் தண்ணீர்தான். சில துண்டுகளில் மரத்தின் நார் அப்படியே தெரியும். வெயிலில் கிடந்தால் வெடித்து உதிரும், குவித்து வைத்தால் சூடேறித் தானே பற்றிக்கொள்ளும். தொலைவுக்கு ஏற்றிப்போவது கட்டாது என்பதால்தான் சுரங்க வாசலிலேயே மின்நிலையம் கட்டினார்கள்.

1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. மறு ஆண்டே முதல் மின் உற்பத்தி அலகு ஓடத் தொடங்கியது. குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் 1962 ஆகஸ்டில் மின்நிலையத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். சோவியத் உதவியுடன் எழுந்த அந்த முதல் அனல் மின்நிலையம் 1970இல் 600 மெகாவாட் திறனை எட்டியது. ஒரே இடத்தில் ஜெர்மானியரும் ரஷ்யரும் தென்னார்க்காட்டு உழவர் பிள்ளைகளும் வேலை பார்த்த காலம் அது. 1960களின் நடுவில் யூரியா ஆலையும், நிலக்கரியைக் கட்டியாக்கிக் கரியாக்கும் ஆலையும் வந்தன. அந்தக் கரி ‘லெகோ’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. எரிவாயு பரவாத காலத்தில் தமிழ்நாட்டு நகரங்களின் அடுப்புகளில் அது எரிந்தது. அந்த இரண்டு ஆலைகளும் பின்னர் மூடப்பட்டன.

சுரங்கத்துக்கு வடக்கே நகரியம் எழுந்தது. முப்பது வட்டங்கள், சதுரம் சதுரமாகப் பிரித்து, நேர்கோட்டுச் சாலைகள் போட்டு, வட்டத்துக்கு வட்டம் பள்ளியும் விளையாட்டிடமும் கடைகளும் வைத்துக் கட்டினார்கள். விலாசம் சொல்லும்போது தெருப்பெயரை விட வட்ட எண்தான் முன்னால் வரும். ‘பதினாறாம் வட்டம்’, ‘இருபத்தொன்றாம் வட்டம்’ என்றால் நெய்வேலிக்காரர்களுக்கு உடனே மரமும் மூலையும் கண்ணில் தெரியும். நிறுவனத்தின் குவார்ட்டர்ஸ் ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் தோட்டம் உண்டு. மாவும் பலாவும் முருங்கையும் வைத்தார்கள். சாலையோரம் நிழல் மரங்கள் ஓங்கின. மேட்டுநிலத்தின் வெக்கையில் நகரியத்துக்குள் நுழைந்ததும் குளிர்ச்சி தெரியும். தண்ணீரும் மின்சாரமும் குறைவில்லை. கேரளம், ஆந்திரம், வடமாநிலங்கள் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்களின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் படித்தார்கள். சாதி பார்த்துத் தெரு பிரிக்காத ஊர் தென்னார்க்காட்டில் அபூர்வம். பதவிக்கேற்ப வீட்டின் அளவு மாறினாலும், இங்கே வீடு ஒதுக்கப்பட்டது சாதியைப் பார்த்து அல்ல. நகரியத்தின் பெரிய நன்மைகளில் இதை முதலில் வைக்கலாம்.

ஆனால் அந்த வீடுகளில் ஒன்றுகூடக் குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை. பணி ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். நெய்வேலியில் பிறந்து, படித்து, மணமுடித்துப் போனவர்கள்கூட அதைச் சொந்த ஊர் என்று சொல்லலாமே தவிர, திரும்பி வந்து இறங்க ஒரு திண்ணை இருக்காது. பெற்றோர் நட்ட பலாவில் அடுத்த குடும்பம் பழம் பறிக்கும். ஆக, இந்த மண்ணில் இருவகை மக்கள் இருக்கிறார்கள். ஒரு சாராருக்குப் பூர்வீகம் உண்டு, இடம் இல்லை. இன்னொரு சாராருக்கு வாழ்ந்த இடம் கண்முன்னே இருக்கிறது, உரிமை இல்லை. நெய்வேலியைப் பற்றிப் பேசும் இரு தரப்பாரும் ஏன் அவ்வளவு ஏக்கத்தோடு பேசுகிறார்கள் என்பதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு. நகரியத்தின் வேலிக்கு வெளியே இந்திரா நகரும் மந்தாரக்குப்பமும் வளர்ந்தன. கடைக்காரர்கள், ஓய்வுபெற்ற பிறகு ஊரைப் பிரிய மனமில்லாமல் மனை வாங்கியவர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள் எல்லாம் அங்கே இருந்தார்கள். நிலம் கொடுத்த குடும்பங்களில் சிலருக்கு நிரந்தர வேலை கிடைத்தது. பலருக்கு ஒப்பந்தக் கூலியாகவும் கூட்டுறவுச் சொசைட்டித் தொழிலாளியாகவும்தான் உள்ளே நுழைய முடிந்தது. ஒரே கன்வேயர் ஓரத்தில் நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் அதே நிலக்கரித் தூளைச் சுவாசித்து வேலை செய்தார்கள். சம்பளம் மட்டும் பல மடங்கு வேறு. பணி நிரந்தரம் கேட்டு நடந்த வேலைநிறுத்தங்கள் நெய்வேலித் தொழிற்சங்க வரலாற்றின் பெரும்பகுதி.

பழைய ஊர்களில் ஒன்று நகரியத்துக்குள்ளேயே கோயிலாக மிஞ்சியது. வில்லுடையான்பட்டு முருகன் கோயில் அது. வேலுடையான்பட்டு என்றும் சொல்வார்கள். வேலுக்குப் பதில் வில்லேந்தி நிற்கும் முருகன் அங்கே மூலவர். ஊர் போனாலும் சாமி இருந்த இடத்திலேயே இருந்தார். பங்குனி உத்திரத்தன்று காவடிகள் நகரியச் சாலைகளில் வரிசையாக வரும். நிறுவன ஊழியர்களும் சுற்றுவட்டாரக் கிராமத்தாரும் அந்த ஒரு நாளில் ஒன்றாகக் கலந்து நிற்பார்கள். வருடத்தில் மற்ற நாட்களில் அடையாள அட்டையும் காவலாளியும் பிரித்து வைத்திருக்கும் இரண்டு உலகங்களும் காவடிப் பாதையில் சேர்வதுதான் அந்தத் திருவிழாவின் தனிச்சிறப்பு.

1978இல் இரண்டாம் சுரங்கத்துக்கு அனுமதி கிடைத்தது. அதன் மின்நிலையம் 1,470 மெகாவாட்டாக வளர்ந்தது. 1990களின் இறுதியில் ஒன்று-ஏ சுரங்கத்துக்கும் அனுமதி கிடைத்தது. மண்மேடுகள் குன்றுகளாக உயர்ந்தன; அவற்றில் சிலவற்றில் மரம் வைத்துக் காடாக்கியிருக்கிறார்கள். சுரங்கத்தைச் சுற்றிய பம்புகள் ஒரு நாளும் நிற்கவில்லை. அதன் விளைவு ஊர்க் கிணறுகளில் தெரிந்தது. தானாகப் பொங்கிய குழாய்கள் நின்றன. பிறகு எஞ்சின் வைத்தார்கள், பிறகு ஆழப்படுத்தினார்கள், பிறகு நீர்மூழ்கி மோட்டார் இறக்கினார்கள். மறுபுறம், இறைத்த நீர் பரவனாற்றிலும் வாலாஜா ஏரியிலும் விழுந்து ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பாசனமானது. வறட்சிக் காலத்தில் நெய்வேலி நிலத்தடி நீர் வீராணம் குழாய் வழியாகச் சென்னைக்குக் குடிநீராகவும் போனது. ஆகவே சுரங்கம் தண்ணீரைப் பறித்தது என்று மட்டும் சொன்னாலும் தவறு, கொடுத்தது என்று மட்டும் சொன்னாலும் தவறு. ஒருவர் கிணற்றில் இருந்ததை எடுத்து இன்னொருவர் வாய்க்காலில் விட்டது. யார் எந்த வாய்க்கால் ஓரத்தில் இருந்தார் என்பதைப் பொறுத்தது அவரவர் நினைவு.

இந்த வாழ்வை இலக்கியம் தாமதமாகத்தான் தொட்டது, ஆனால் ஆழமாகத் தொட்டது. விருத்தாசலம் அருகே மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன், நிலக்கரிக்காக நிலம் இழந்து பெயர்ந்த மக்களைப் பற்றி ‘வந்தாரங்குடி’ நாவலை எழுதினார். நடுநாட்டுச் சொற்களைத் தொகுத்து அகராதி செய்தவர் அவர். அரசு ஆவணங்களில் ‘பாதிக்கப்பட்டோர்’ என்று ஒரே சொல்லில் அடங்கிப்போனவர்கள் அந்த நாவலில் தங்கள் சொந்தப் பேச்சோடு வருகிறார்கள். 1998 முதல் நிறுவனமே ஆண்டுதோறும் நகரியத்தில் புத்தகக் கண்காட்சி நடத்தி வந்தது. தமிழ்நாட்டில் பெருநகரங்களுக்கு வெளியே தொடர்ந்து நடந்த பெரிய புத்தக விழாக்களில் அது ஒன்று; எழுத்தாளர்களைப் பாராட்டிப் பரிசும் தந்தது.

நில எடுப்பு நின்றபாடில்லை. 2013இல் புதிய நில எடுப்புச் சட்டம் வந்தது. இழப்பீடும் மறுவாழ்வும் பேச்சளவில் மாறின. 1950களில் சொற்பத் தொகை வாங்கி எழுந்து போனவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை, ஏக்கருக்குப் பல லட்சம் என்ற அறிவிப்பைக்கூடச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. கத்தாழை, கரிவெட்டி, மும்முடிச்சோழகன், வளையமாதேவி ஊர்களில் அவர்கள் முதலில் கேட்டது நிரந்தர வேலையை. 2023 ஜூலையில் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட வளையமாதேவியில் கதிர் பிடிக்கும் பயிர் நின்ற வயல்களில் மண்வெட்டி இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது, மழைக்குமுன் வாய்க்கால் முடியாவிட்டால் சுரங்கத்துக்கு ஆபத்து என்றது நிறுவனம். அறுவடைவரை காத்திருக்கக்கூடாதா என்றார்கள் விவசாயிகள். சென்னை உயர் நீதிமன்றமும் ஏறக்குறைய அதையே கேட்டது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. அதே நாட்களில் நெய்வேலியில் நடந்த போராட்டம் வன்முறையில் முடிந்தது. விளைந்த நெல்லின்மேல் இயந்திரம் ஓடும் படத்தைத் தமிழ்நாடு முழுக்கப் பார்த்தது. பழைய ஊர்க்காரர்கள் அறுபது ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை வெளியுலகம் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

நிறுவனத்தின் பெயர் 2016இல் என்எல்சி இந்தியா என்று மாறியது. ராஜஸ்தானிலும் ஒடிசாவிலும் அதற்குச் சுரங்கங்கள் இருக்கின்றன. நெய்வேலியில் 1,000 மெகாவாட் புதிய மின்நிலையம் 2019இல் உற்பத்தியைத் தொடங்கியது. சோவியத் உதவியில் எழுந்த முதல் மின்நிலையத்தின் கடைசி அலகுகள் 2020 செப்டம்பர் இறுதியில் நிறுத்தப்பட்டன. ஏறத்தாழ ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஓடிய அந்த நிலையத்தில் தொடக்க ஆண்டுகளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லோரும் நகரியத்தை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. கடலூரிலும் புதுச்சேரியிலும் சென்னைப் புறநகரிலும் அவர்கள் வீடு கட்டிக்கொண்டார்கள். வட்ட எண்ணைச் சொல்லி ஒருவரையொருவர் அடையாளம் காண்கிறார்கள். பள்ளித் தோழர்களின் ஆண்டுச் சந்திப்புக்கு மட்டும் நெய்வேலிக்கு வந்துபோகிறார்கள். பழைய ஊர்களிலிருந்து எழுந்தவர்களின் பேரப்பிள்ளைகளோ புதுவிளாங்குளத்திலும் புதுஆதண்டார்கொல்லையிலும் மல்லாட்டை போட்டுக்கொண்டும், சிலர் அதே சுரங்கத்தில் ஒப்பந்த வேலைக்கு ஷிப்ட் பார்த்து வந்துகொண்டும் இருக்கிறார்கள்.